அரங்கேற்றமும் எதிர்வாக்கும்

அரங்கேற்றம் என்பது, ஒருவர் தாம் புதிதாக இயற்றிய நூலை அறிஞர் அவையில் படித்துப் பொருள் கூறி, அங்கு எழும் வினாக்களுக்கு விடையளித்து ஒப்புதல் பெறும் தமிழ் மரபாகும். அவையோர் எழுப்பும் மறுப்பு 'தடை' எனப்படும். அதற்கு ஆசிரியர் தரும் பதில் 'விடை' எனப்படும். ஒருவர் எழுதியதற்கு ஆதரவு வாக்கும் எதிர்வாக்கும் அளித்து, அவரது நன்மதிப்பைப் புள்ளிகளாகக் கணக்கிடும் இன்றைய இணைய முறையை விளங்கிக்கொள்ள இம்மரபு பெரிதும் உதவும்.

திருவரங்கத்தில் கம்பர்

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கம் கோயிலில், தாயார் சன்னதிக்கு எதிரே கம்பர் மண்டபம் உள்ளது. கம்பர் தம் இராமாயணத்தை இங்குதான் அரங்கேற்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. ஒரு பழைய தனிப்பாடல் இதன் காலத்தைச் சக ஆண்டு 807, அதாவது பொ.ஊ. 885 என்கிறது. ஆனால் ஆய்வாளர் பலர் கம்பரை 12ஆம் நூற்றாண்டினராகக் கருதுவர்.

முதலில் தில்லை தீட்சிதர் முதலான பலரிடம் ஒப்புதல் பெற்று வருமாறு கம்பரிடம் கூறப்பட்டதாகவும், அரங்கேற்றத்தின்போது இரணியன் வதைப் படலத்துக்குத் தடை எழுந்ததாகவும் கதைகள் கூறுகின்றன. வான்மீகி நூலில் இப்படலம் இல்லை என்பதே தடைக்குக் காரணம். அருகில் எழுந்தருளியுள்ள மேட்டழகிய சிங்கரே சிரித்து இசைவு தந்தார் என்று கதை முடிகிறது.

இது செவிவழிக் கதையே. எனினும் இதில் எழும் தடையின் தன்மை கவனிக்கத்தக்கது. எந்தப் பகுதி பொருந்தவில்லை, ஏன் பொருந்தவில்லை என்ற இரண்டும் அவையில் வெளிப்படையாகச் சொல்லப்படுகின்றன. அதனால்தான் அதற்கு விடை தேட முடிகிறது.

நன்னூல் காட்டும் வழி

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரம், நூலுக்குரிய எழுவகை மதங்களைக் கூறுகிறது. அவற்றுள் முதலாவது உடன்படல், இரண்டாவது மறுத்தல். ஆகவே மறுப்பதும் அறிவுலகத்தின் முறையான செயலே.

அதே பாயிரம் பத்துக் குற்றங்களையும் வரிசைப்படுத்துகிறது. தேவைக்குக் குறைவாகச் சொல்வது, மிகுதியாகச் சொல்வது, சொன்னதையே சொல்வது, முன்னுக்குப் பின் முரண்படுவது, பொருள் மயங்க வைப்பது, எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பது ஆகியவை அவற்றுள் சில. ஒவ்வொரு குற்றத்துக்கும் தனிப்பெயர் உண்டு. குற்றத்தின் பெயர் தெரிந்தால் திருத்தும் இடமும் தெரியும்.

புள்ளி முறை

2008இல் தொடங்கிய 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்னும் நிரலாக்க வினாவிடைத் தளத்தில் இம்முறை புகழ்பெற்றது. அங்கு ஒரு விடைக்கு ஆதரவு வாக்கு விழுந்தால் எழுதியவருக்கு 10 புள்ளிகள் கூடும். எதிர்வாக்கு விழுந்தால் 2 புள்ளிகள் குறையும். எதிர்வாக்கு இடுபவரும் தம் புள்ளிகளில் 1ஐ இழப்பார். மறுப்பவர் சற்று யோசித்து மறுக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

ஆயினும் வாக்கு இட்டவர் யார் என்பது வெளியே தெரியாது. காரணம் கூற வேண்டிய கட்டாயமும் இல்லை. தவறான விடையைப் பிறர் நம்பிவிடாமல் காக்க எதிர்வாக்கு பயன்படுகிறது. எழுதியவருக்கோ தடை மட்டும் கிடைக்கிறது, அதன் பொருள் கிடைப்பதில்லை. புதிதாக எழுதத் தொடங்கும் மாணவர் மனம் தளர்ந்து விலகிவிடுவதும் உண்டு.

எதிர்வாக்கைக் கையாளுதல்

* எழுதியவர் உடனே மறுமொழி கூறாமல், தம் பதிலை நன்னூலின் பத்துக் குற்றங்களோடு ஒப்பிட்டுப் படித்துப் பார்க்கலாம்.
* பிழை இருந்தால் திருத்தி, திருத்தியதை ஒரு வரியில் குறிப்பிடலாம்.
* பிழை தென்படாவிட்டால், எந்த இடம் பொருந்தவில்லை என்று பணிவாக ஒருமுறை கேட்கலாம். பதில் வராவிட்டால் அதை அத்துடன் விட்டுவிடுவது நன்று.
* தம் கருத்து சரியென்று சான்றுடன் தெரிந்தால், புள்ளிகள் குறைகின்றன என்பதற்காக மட்டும் அதை நீக்க வேண்டியதில்லை.
* எதிர்வாக்கு இடுபவர் குற்றத்தின் பெயரையாவது ஒரு சொல்லில் குறிப்பிடலாம். எழுதியவரைப் பற்றிப் பேசாமல் எழுத்தைப் பற்றி மட்டும் பேசுவது முறை.

அவையடக்கம்

பழம்புலவர் பலர் நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடினர். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்க விரும்பிய பூனையோடு கம்பர் தம்மை ஒப்பிட்டார். தடை எழும் என்று அறிந்தே அவர் அவைக்கு வந்தார். இரணியன் வதைப் படலம் இன்றும் அவர் நூலின் யுத்த காண்டத்தில் இருக்கிறது.