மடக்குப் படகு

மடக்குக் கத்தியை அறிவோம். மடக்கு நாற்காலியையும் அறிவோம். மடக்குப் படகை அறிவோமா? "மடிகிற படகை நம்பி ஏறலாமா?" என்று விடுதி நண்பர் ஒருவர் என்னிடம் நகைப்புடன் வினவினார். அவருக்குக் கூறிய விடையையே இங்கு விரித்துரைக்க விழைகின்றேன்.

பாய்மரச் சிறு கலங்களில் கடலுலாச் செல்வோர் கரைக்கு எட்டவே நங்கூரம் பாய்ச்சுவர். கரைக்குச் சென்று வர ஒரு துணைப்படகு வேண்டும். அதனை வைக்கச் சிறு கலத்தில் இடமேது? மடித்து வைப்பதே வழி. மியூனிக் நகரில் கட்டடக்கலை பயின்ற ஆல்ஃபிரட் ஹாய்ரிச் என்னும் மாணவர், 1905-இல் சட்டத்தின்மேல் துணி போர்த்திய மடக்குப் படகைச் செய்தார். 1907-இல் அதன் உரிமையை வாங்கிய யோகான் கிளெப்பர் என்னும் தையற்கலைஞர் அதனைப் பெருந்தொழிலாக வளர்த்தார்.

இன்று பாலிபுரொப்பிலீன் தகட்டாலும் மடக்குப் படகுகள் செய்கின்றனர். இத்தகடு நீரைவிட இலேசானது. அதன் ஒப்படர்த்தி ஏறத்தாழ 0.9. "அப்படியானால் மூழ்காதே!" என்பீர்கள். நான் கணக்கிட்டுப் பார்த்தேன். 30 கிலோ தகடு முழுவதும் நீரில் அமிழ்ந்தால் விலக்கும் நீர் சுமார் 33 கிலோ. ஆகவே, நீர் நிரம்பிய படகு தாங்கும் மிகைச்சுமை 3 கிலோ மட்டுமே! சிறு எஞ்சின் ஒன்றைப் பூட்டியிருந்தால் அதுவே படகை அமிழ்த்திவிடும்.

எனவே துணைப்படகாக்குவோர் செய்யவேண்டிய முதல் திருத்தம் மிதவை சேர்ப்பதே. இருக்கைகளின் அடியிலும் பக்கங்களின் உட்புறத்திலும் நீர் புகாத நுரைப்பலகைகளைப் பொருத்தவேண்டும். 100 லிட்டர் கொள்ளளவுள்ள நுரை 90 கிலோவுக்கு மேல் தாங்கும். அடுத்து, நீரில் விழுந்தவர் பற்றிக்கொள்ள விளிம்பைச் சுற்றிக் கயிறு. கலத்தோடு உராயும் இடங்களுக்கு ரப்பர்ப் பட்டை.

வரலாறும் இதற்குச் சான்று. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது, ஒரு மடக்குப் படகின் துணிப்பக்கங்களை உயர்த்தவே நேரமில்லை. உள்ளே நீர் புகுந்தும் அதன் மிதக்கும் அடித்தளமே ஏறியவர்களுள் சிலரைக் காத்தது. 1956-இல் ஹான்னஸ் லிண்டெமன் என்னும் ஜெர்மானிய மருத்துவர், 5.2 மீட்டர் நீளமுள்ள கிளெப்பர் படகில் பாயும் பக்கமிதவையும் பூட்டி, அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாளாய் 72 நாட்களில் கடந்தார். நடுக்கடலில் படகு கவிழ்ந்த இரவில், அதன் அடிப்புறத்தைப் பற்றிக்கொண்டே விடியும்வரை உயிர் தாங்கினார். அப்படகு இன்று மியூனிக் அருங்காட்சியகத்தில் உள்ளது.

நம் கட்டுமரமும் பிரித்துக் கட்டும் கலமே அன்றோ! கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களை உலர்த்துவர். அலை மேலேறினும் அது மூழ்குவதில்லை. ஏனெனில் அங்கே மரமே மிதவை. மடக்குப் படகில் அந்த மிதவையை நாமே சேர்க்கவேண்டும். மடிவது வசதி, மிதப்பதோ உயிர். வசதியை விலைக்கு வாங்குவோர், உயிர்க்காப்பைத் தம் கையாலேயே பொருத்திக்கொள்வது அறிவுடைமையாகும்.