கணியம் பார்க்கும் மூளை

குளச்சல் கடலுக்கு அடியில் பார்கள் உண்டு. நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் பாறைத்திட்டுகளைக் கடற்கரை மக்கள் அப்படித்தான் சொல்வார்கள். கலவாவும் விளமீனும் தங்கும் இடங்கள் அவை. மேலிருந்து பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே தண்ணீர்தான். ஆனாலும் ஜி.பி.எஸ். வருவதற்கு முன்பே கட்டுமரக்காரர்கள் நினைத்த பாருக்கு மேல் போய்த் தூண்டில் இறக்கினார்கள். அந்த வித்தைக்குப் பெயர் கணியம்.

கரையில் ஒரு தேவாலயக் கோபுரத்தைக் கண்ணால் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு நேர் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையின் குறிப்பிட்ட முகடு வந்து சேரும்வரை மரத்தை நகர்த்துவார்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தால் ஒரு கோடு கிடைத்துவிட்டது. அந்தக் கோட்டை விட்டு விலகாமல், கிழக்கே முட்டம் பக்கம் இன்னொரு சோடி அடையாளங்கள் நேர்ப்படும்வரை துடுப்பு போடுவார்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும்.

இப்படி இடத்தைக் கணக்கிட உதவும் ஓர் அமைப்பு மூளையில் இருக்கிறது. காதுகளுக்கு உள்பக்கமாக, பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் ஹிப்போகேம்பஸ் அது. 1971இல் ஜான் ஓ'கீஃப், எலியின் ஹிப்போகேம்பஸில் நுண்கம்பி செருகி வைத்து, சில செல்கள் எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிப்பதைக் கண்டார். ஒரு மூலைக்கு ஒரு செல், நடுவுக்கு வேறொன்று. 2005இல் எட்வர்ட் மோசர், மே-பிரிட் மோசர் தம்பதியின் குழு, ஹிப்போகேம்பஸுக்கு அடுத்த பகுதியில் இன்னொரு வகைச் செல்லைக் கண்டறிந்தது. அந்த ஒரே செல் பல இடங்களில் துடித்தது. அந்த இடங்களைத் தாளில் குறித்தால், இடைப்புள்ளிக் கோலத்துக்கு வைத்த புள்ளிகள்போலச் சமபக்க முக்கோணங்களாக விழுந்தன. தரையில் யாரும் வரையாத கட்டங்களை எலியின் தலை வரைந்துகொள்கிறது! 2014இல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

விளக்கை அணைத்தாலும், ஓ'கீஃப் கண்ட அந்த இடச்செல்கள் பெரும்பாலும் சரியாகவே துடிக்கின்றன. எவ்வளவு தூரம் நடந்தோம், எந்தப் பக்கம் திரும்பினோம் என்று மூளை தானே கூட்டிக்கொண்டு போகிறது. ஆனால் சின்னச் சின்னப் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். அவற்றைத் திருத்த வெளியே ஓர் அடையாளம் வேண்டும். வட்டமான கூண்டின் சுவரில் ஒரு வெள்ளை அட்டையை ஒட்டி, எலி இல்லாதபோது அதைக் கால்வட்டம் நகர்த்திவைத்தால், எலியின் உள்வரைபடமும் கால்வட்டம் திரும்பிவிடுகிறது. கடலிலும் இதே முறைதான். இருட்டில் நீவாடு என்னும் நீரோட்டத்தையும் காற்றையும் நேரத்தையும் வைத்து இடத்தை ஊகிப்பார்கள். விடிந்து மலை தெரிந்ததும் திருத்திக்கொள்வார்கள்.

இடத்தை அறியும் இந்த உறுப்பே நினைவையும் சேர்க்கிறது. 1953இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக இருபக்க ஹிப்போகேம்பஸின் கணிசமான பகுதியை அகற்றினார்கள். அதன் பிறகு புதிதாகச் சந்தித்தவர்களைச் சில நிமிடங்களில் மறந்துபோனார். ஆனால் கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார், முன்பு வரைந்ததே நினைவில்லாமல்! கைப்பழக்கம் மூளையின் வேறு பகுதிகளில் பதிகிறது. துடுப்பு போடத் தெரிவதும் பார் எங்கே என்று தெரிவதும் ஒரே ஆளின் அறிவுதான். மூளையில் அவற்றுக்கு வீடு வேறுவேறு.

மூளையின் அமைப்பு மனத்தை வகுக்கிறது. பழக்கம் அந்த அமைப்பையே திருத்துகிறது. சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து உரிமம் வாங்கும் லண்டன் டாக்சி ஓட்டுநர்களுக்கு ஹிப்போகேம்பஸின் பின்பகுதி மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000இல் எலினோர் மகுவயர் குழு காட்டியது. பயிற்சியில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து 2011இல் வெளியான ஆய்வில், தேறியவர்களுக்கு அந்தப் பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு வளரவில்லை.

2017இல் வெளியான இன்னோர் ஆய்வு இதன் மறுபக்கத்தைச் சொன்னது. திரையில் காட்டிய லண்டன் தெருக்களில் வழியைத் தாங்களே தீர்மானித்தபோது, புதிய தெருவில் நுழையும் நேரத்தில் பங்கேற்றவர்களின் ஹிப்போகேம்பஸ் சுறுசுறுப்பானது. வழிகாட்டும் கருவி சொன்னபடி திரும்பியபோது அந்தக் கிளர்ச்சி இல்லை. இன்று பாரின் இருப்பிடம் ஜி.பி.எஸ். கருவியில் எண்ணாகப் பதிந்திருக்கிறது. அதைப் பின்தொடர்ந்தாலும் மீன் கிடைக்கும். நேரமும் எரிபொருளும் மிச்சம். ஆனால் கருவி பழுதாகும் நாளில் கரை சேர, மலையைப் பார்த்து இடம் சொல்லத் தெரிந்த ஒருவராவது படகில் இருக்க வேண்டும். அந்தத் தேர்ச்சி, பார்த்துப் பார்த்துப் பழகிய தலைக்குத்தான் வரும்.