காந்தி ரோட்டில் வரும், ஷெட்டில் வராது

20 முறை ஸ்டார்ட் செய்தால் 1 முறை வரும் கோளாறு. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களை இதைப்போல் அலைக்கழிப்பது வேறு எதுவும் இல்லை. முகூர்த்த மாதத்தில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில், பட்டுக்கடைகளுக்கு முன்னால் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். திடீரென ஒரு ஜெர்க். மஞ்சள் விளக்கு எரியும். 'டி'யில் போட்டாலும் நகராது. அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். மறுநாள் ஷெட்டுக்கு எடுத்துப் போனால் மெக்கானிக் மூன்று முறை ஸ்டார்ட் செய்து, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே இருக்கு சார்" என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. கணக்கே அப்படித்தான். 20க்கு 1 என்று வரும் கோளாறு ஒரு ஸ்டார்ட்டில் வராமல் இருப்பதற்கான வாய்ப்பு 95 சதவீதம். மூன்று ஸ்டார்ட்டிலும் வராமல் இருக்க 0.95ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை 0.857. ஆக, மெக்கானிக் கண்ணில் அது படுவதற்கு 14 சதவீத வாய்ப்புதான். 10 முறை ஸ்டார்ட் செய்தால் 40 சதவீதம். 90 சதவீதம் வேண்டுமென்றால் 45 முறை செய்ய வேண்டும். எந்த ஷெட்டிலும் ஒரு வண்டியை 45 முறை ஸ்டார்ட் செய்து பார்க்கமாட்டார்கள். அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

அதனால் மூன்றாவது முறை போகும்போது, "பாக்ஸையே மாத்திடலாம்" என்ற பேச்சு வரும். கம்பெனி சர்வீஸில் புதிய ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் என்றால், வண்டியைப் பொறுத்து ஒன்றரை லட்சத்தில் தொடங்கி மூன்று லட்சத்தையும் தாண்டும். அதைக் கட்டும் முன் சில நூறு ரூபாயில் எடுத்துவிடக்கூடிய அளவுகள் இருக்கின்றன. அந்த அளவுகள் எழுதப்பட்ட தாள் இல்லாமல் யாரும் கியர் பாக்ஸைக் கழற்ற விடக்கூடாது என்பதுதான் என் கட்சி.

காஞ்சிபுரத்துக்கும் ஆட்டோமேட்டிக் கியருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மாவட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஒரகடத்தில், 2010 மார்ச்சில் திறந்த ரெனோ நிசான் ஆலையிலிருந்துதான் சிவிடி பெட்டி பொருத்திய மேக்னைட் வருகிறது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலையும், 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை, காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. 2013இல் விற்பனைக்கு வந்த ஈகோஸ்போர்ட் அங்கே தயாரானது. அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் 'பவர்ஷிஃப்ட்' என்ற 6 கியர் இரட்டை கிளட்ச் பெட்டி இருந்தது. ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் அது. 2017 நவம்பரில் புதுப்பித்த ஈகோஸ்போர்ட் வந்தபோது அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு டார்க் கன்வெர்ட்டர் பெட்டியைப் போட்டார்கள். 2022இல் ஆலையே கார் உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன் விற்ற வண்டிகள் இன்னும் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பவர்ஷிஃப்ட்டின் கதையில் எல்லா ஆட்டோமேட்டிக் உரிமையாளர்களுக்கும் உபயோகமான எண்கள் உண்டு. அமெரிக்காவில் இதன் கிளட்ச்சுக்கான உத்தரவாதத்தை 7 ஆண்டு அல்லது 1 லட்சம் மைலாகவும், பெட்டியை இயக்கும் கம்ப்யூட்டருக்கான உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1.5 லட்சம் மைலாகவும் ஃபோர்டு நீட்டித்தது. கிளட்ச்சில் குலுக்கல் வந்தது. கம்ப்யூட்டரோ நினைத்தபோது வேலைசெய்யாமல் போனது. ஆஸ்திரேலியாவில் வாடிக்கையாளர்கள் குலுக்கலைச் சொன்னபோது, "நீங்கள் ஓட்டும் விதம்தான் காரணம்" என்று சிலரிடம் சொல்லப்பட்டது. அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் கூட்டாட்சி நீதிமன்றம் ஃபோர்டு ஆஸ்திரேலியாவுக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. ஓட்டுகிறவர்மேல் பழி போடும் பேச்சு நம்மூரிலும் கேட்பதுதான். அதற்குப் பதில் சொல்ல நம் கையில் குறிப்பு இருக்க வேண்டும்.

ஃபோக்ஸ்வேகன் கதை நம் தட்பவெப்பத்துக்கு இன்னும் நெருக்கம். அதன் 7 கியர் உலர் இரட்டை கிளட்ச் பெட்டிக்காக 2013 மார்ச்சில் சீனாவில் மட்டும் 3,84,181 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அதே ஆண்டு நவம்பரில் உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் வண்டிகளில் கியர் ஆயிலை மாற்ற வேண்டியதாயிற்று. சூடும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில், நின்று நின்று போகும் நெரிசலில், சிந்தெடிக் ஆயிலால் பெட்டிக்குள் மின்கோளாறு வரலாம் என்று கம்பெனியே அறிவித்து மினரல் ஆயிலுக்கு மாறியது. வெயில், புழுக்கம், நெரிசல் மூன்றுக்கும் காஞ்சிபுரத்தில் குறைவில்லை. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை நாளில் ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் போக ஆகும் நேரத்தை அனுபவித்தவர்களுக்கு உலர் கிளட்ச்சின் பாடு புரியும். ஊர்ந்து போகும் ஒவ்வொரு விநாடியும் கிளட்ச் பாதி பிடித்துப் பாதி வழுக்குகிறது. அதைக் குளிர்விக்க ஆயில் கிடையாது.

அளவுகளுக்கு வருவோம். முதலில் வண்டியில் பதிவாகியிருக்கும் கோளாறு கோட்களை எடுக்க வேண்டும், பேட்டரியைக் கழற்றும் முன்பே. கழற்றினால் பல வண்டிகளில் பதிவு அழிந்துவிடும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் ப்ளூடூத் ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜின் கோட்களை மட்டும் காட்டும். கியர் பாக்ஸ் கம்ப்யூட்டருக்குள் போக ஷெட்டில் இருக்கும் பெரிய ஸ்கேனர் வேண்டும். பி0700 என்று வந்தால், கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரில் ஏதோ பதிவாகியிருக்கிறது என்று மட்டுமே பொருள். அதை வைத்து எந்தச் சாமானும் வாங்கக்கூடாது. பி0715 உள்சுழற்சி சென்சார், பி0720 வெளிச்சுழற்சி சென்சார், பி0706 கியர் நிலை சுவிட்ச். யு0101 வந்தால் கியர் பாக்ஸ் கம்ப்யூட்டரோடு பேச்சு அறுந்திருக்கிறது. பி0562 மின்னழுத்தக் குறைவு. ஒரே நேரத்தில் பி0562, பி0715, யு0101 மூன்றும் பதிவாகியிருந்தால் சென்சார் மேல் சந்தேகப்படுவது வீண். மூன்றுக்கும் பொதுவானது கரண்ட். கோட் விழுந்த அந்தக் கணத்தின் வேகம், சூடு, வோல்ட் மூன்றையும் வண்டியே சேமித்து வைத்திருக்கும். அந்தத் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பேட்டரி. சில மணி நேரம் ஓய்வில் இருந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். ஸ்டார்ட் செய்யும்போது 9.6க்குக் கீழே விழக்கூடாது. ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4. வீட்டுக்கும் கடைக்கும் 2 கிலோமீட்டர், ஒரு நாளைக்கு 4 ஸ்டார்ட் என்று ஊருக்குள்ளேயே ஓடும் வண்டியில் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆவதே இல்லை. இன்ஜின் அந்தக் குறைவைத் தாங்கிக்கொள்ளும். கிளட்ச்சைக் கையாளும் மோட்டாரும் கம்ப்யூட்டரும் தாங்காது. நான்கைந்து வருடம் ஆன பேட்டரியை ஒதுக்கிவிட்டு கியர் பாக்ஸைப் பேசுவது தலைகீழ் வேலை.

இதைவிட அதிகம் கவனிக்கப்படாதது எர்த். பேட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு தடித்த ஒயர் கியர் பாக்ஸ் உடம்புக்கு, பெரும்பாலும் பேட்டரி தட்டுக்குக் கீழே, ஒரு போல்ட்டில் முடியும். ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு மூன்று பார்த்த வண்டியில் அந்த ஒயர் முனையின் லக்கைக் கழற்றினால் அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. போல்ட்டும் இறுக்கமாகவே இருக்கும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தின் ஈயத்தில், கிளாம்ப்பில் அல்ல. சிவப்பு முனை கியர் பாக்ஸின் வெற்று அலுமினியத்தில். ஒருவர் சாவியைத் திருப்பட்டும். 0.1 வோல்ட் வரை இருந்தால் நல்லது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது, அந்தப் பூத்த லக்கில் வெறும் 0.002 ஓம் தடை இருந்தாலே 0.3 வோல்ட் அங்கே தொலைந்துபோகும். அதைச் சரிசெய்ய ஒரு ஸ்பேனரும் உப்புத்தாளும் போதும். இந்தப் பரிசோதனையைச் செய்யாமலே பல ஆயிரம் ரூபாய்க்கு சென்சார் வாங்குகிறார்கள். எனக்கு ஆற்றாமை வருவது இந்த இடத்தில்தான்.

கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் ஒயர் ஜோடிக்கும் எளிய கணக்கு உண்டு. இரு முனையிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று. இரண்டும் இணையாக இருப்பதால் ஸ்கேனர் சொருகும் சாக்கெட்டின் 6ஆம், 14ஆம் ஊசிகளுக்கு நடுவே 60 ஓம் வர வேண்டும். பேட்டரியைக் கழற்றிய பிறகு அளக்க வேண்டும். நடுவில் கேட்வே வைத்த வண்டிகளில் எண் மாறலாம். 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. மீட்டரைப் பார்த்தபடியே ஒயர் கட்டை அசையுங்கள். அசைக்கும்போது 60, 120 என்று துள்ளினால், மேடுபள்ளத்தில் மட்டும் வரும் கோளாறு பிடிபட்டது.

பெட்டிக்குள் இருக்கும் சோலனாய்டுகளை அளக்கும்போது சூட்டையும் சேர்த்து எழுத வேண்டும். செம்பின் தடை ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். 25 டிகிரியில் 5 ஓம் காட்டும் சுருள், பெட்டி 90 டிகிரிக்குச் சூடானதும் 6.3 ஓம் காட்டும். அது பழுதல்ல. சூட்டில் அளந்த எண்ணைக் கையேட்டின் குளிர்ந்த எண்ணோடு ஒப்பிட்டு நல்ல சாமானைத் தூக்கிப் போடக்கூடாது. ஆனால் சூட்டில் திடீரென முடிவிலி காட்டினால், நெரிசலில் மட்டும் வரும் கோளாறுக்கு அதுவே காரணம்.

ஆயில் டார்க் கன்வெர்ட்டர் பெட்டிக்கும் சிவிடிக்கும் உயிர். 7 லிட்டர் கொள்ளும் பெட்டியில் போல்ட்டைத் திறந்தால் ஏறக்குறைய 3.5 லிட்டர்தான் இறங்கும். மிச்சம் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். ஒரு முறை மாற்றினால் பாதி புதுசு, இரண்டாவது முறை 75 சதவீதம், மூன்றாவது முறை 87.5. லிட்டர் 1,000 ரூபாய் என்று வைத்தால் மூன்று முறைக்கு 10,500. டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிகளில் ஆயில் மட்டத்தைக் குறிப்பிட்ட சூட்டில்தான் பார்க்க வேண்டும். பல பெட்டிகளில் அது 30 முதல் 50 டிகிரிக்குள். ஓடி வந்த வண்டியில் 90 டிகிரியில் பார்த்தால், ஆயில் விரிவதாலேயே கால் லிட்டர் வரை கணக்கு தப்பும். அந்தக் கால் லிட்டர் குறைவு வளைவில் திரும்பும்போது மட்டும் வழுக்கலாக வெளிப்படும்.

செலவை மலிவிலிருந்து விலைக்கு வரிசைப்படுத்தினால் தோராயமாக இப்படி வரும்:

குறிப்பேடும் பேனாவும்: 50 ரூபாய்
மல்டிமீட்டர்: 500 முதல் 1,500
ஷெட்டில் முழு ஸ்கேன்: 500 முதல் 1,500
எர்த் லக் சுத்தம்: கூலி மட்டும்
பேட்டரி: 4,500 முதல் 7,000
ஆயில் மூன்று முறை: 10,500, கூலி தனி
கியர் பாக்ஸ் கம்ப்யூட்டர்: ஐந்து இலக்கம்
கியர் பாக்ஸ்: ஆறு இலக்கம்

முதல் ஆறு வரியின் உச்சத் தொகையைக் கூட்டினாலும் எர்த், ஆயில் கூலி நீங்கலாக 20,550 ரூபாய்தான். கடைசி வரிக்கு முன் இதையெல்லாம் முடித்துவிட்டால், பெட்டி உண்மையிலேயே போயிருந்தாலும் மனம் தெளிந்து பணம் கட்டலாம். வரியும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. 1 லட்சம் ரூபாய் சாமானுக்கு முன்பு 1,28,000 கட்டியவர் இப்போது 1,18,000 கட்டுவார். பழைய வரியில் எஸ்டிமேட் கொடுத்தால் திருப்பிக் கேளுங்கள்.

50 ரூபாய் குறிப்பேட்டைப் பட்டியலின் உச்சியில் வைத்தது காரணத்தோடுதான். ஒவ்வொரு முறை கோளாறு வரும்போதும் நேரம், ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம், வேகம், எந்த கியர், ஏசி ஓடியதா, மழையா, மேடா என்று ஒரு வரி எழுதுங்கள். கோளாறு வராத ஸ்டார்ட்டுகளுக்கும் ஒரு கோடு போடுங்கள். அது இல்லாமல் 20க்கு 1 என்ற விகிதமே கிடைக்காது.

ரிப்பேர் முடிந்த பிறகுதான் அந்த விகிதம் முழுதாகப் பயன்படுகிறது. ரிப்பேருக்குப் பின் 10 ஸ்டார்ட்டில் கோளாறு வரவில்லை என்று நிம்மதி அடைய வேண்டாம். ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தாலும் அந்த 10இல் வராமல் இருக்க 60 சதவீத வாய்ப்பு இருந்தது. உண்மையில் குணமாகிவிட்டது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, தொடர்ந்து 59 ஸ்டார்ட் சுத்தமாக ஓட வேண்டும். நாளுக்கு 6 ஸ்டார்ட் என்றால் 10 நாள். ஆகவே வண்டியை எடுக்கும்போதே, கோளாறு திரும்பினால் கூலியில்லாமல் பார்ப்பதாகக் குறைந்தது ஒரு மாதத்துக்கு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள்.

இதற்கும் மசியாத இடம் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையம் 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருள், சேவை பற்றிய புகாரை ஏற்கும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. 5 முதல் 10 லட்சம் வரை 200 ரூபாய். குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். போகும்போது பில், ஸ்கேன் படம், குறிப்பேடு மூன்றையும் எடுத்துப் போங்கள்.