துப்பாக்கிக்கு 'சைலன்சர்' வாங்கலாமா? லேத் பட்டறை முதல் ஷூட்டிங் ரேஞ்ச் வரை... தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள்!

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, 'சைலன்சர் எங்கே கிடைக்கும்?' என்று கேட்டால், யாராக இருந்தாலும் டூவீலர் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வழி சொல்வார்கள். ஆனால், வெப் சீரிஸும் துப்பாக்கி கேம்ஸும் பார்த்து வளரும் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தை வேறொன்றை நினைவுபடுத்துகிறது. ஹீரோ பாக்கெட்டிலிருந்து ஓர் உருளையை எடுத்து, துப்பாக்கி முனையில் திருகுவார். 'புஸ்க்' என்று ஒரு சத்தம். பக்கத்து அறையில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது.

'ரேஞ்சில் சுட்டுப் பழக, வீட்டுப் பாதுகாப்புக்கு... முதல் சைலன்சரை எப்படித் தேர்ந்தெடுப்பது?' என்று விளக்கும் அமெரிக்க வீடியோக்கள் ஏராளம். தேடாமலேயே போனுக்கு வந்து விழுகின்றன. அதைப் பார்த்து இங்கே யாராவது ஆன்லைனில் ஆர்டர் போட்டாலோ, பைப்பை வெட்டி விளையாட்டாகச் செய்து பார்த்தாலோ என்ன ஆகும்?

ஜெயிலுக்குப் போக நேரிடும். அதற்குத் துப்பாக்கி கையில் இருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை.

துப்பாக்கி இல்லாமலேயே 'துப்பாக்கி' வழக்கு!

இந்தியாவில் துப்பாக்கி தொடர்பான அடிப்படைச் சட்டம், 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அதன் பிரிவு 2(1)(இ), 'துப்பாக்கி' என்றால் என்ன என்று விளக்குகிறது. சுடும் கருவியோடு அந்த விளக்கம் நின்றுவிடவில்லை. சுடும்போது எழும் ஓசையையோ தீப்பொறி வெளிச்சத்தையோ குறைப்பதற்காக வடிவமைக்கப்பட்ட துணைக்கருவியும் 'துப்பாக்கி'தான் என்கிறது. துப்பாக்கியின் பாகங்களும் அதே கணக்கில்தான் வருகின்றன.

அதாவது, தனியாக ஒரு சைலன்சர் மட்டும் உங்கள் அலமாரியில் இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அது ஒரு துப்பாக்கி. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் என்ன தண்டனையோ அதுவே இதற்கும். 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அது குறைந்தபட்சம் 2 ஆண்டுகள், அதிகபட்சம் 5 ஆண்டுகள் சிறை. அபராதம் தனி.

'என்னிடம்தான் லைசென்ஸ் இருக்கிறதே' என்றும் தப்பிக்க முடியாது. எந்த வகைத் துப்பாக்கி, எத்தனை தோட்டா என்பது வரை லைசென்ஸில் எழுதப்பட்டிருக்கும். அதில் இல்லாத ஒன்றை வைத்துக்கொள்ளும் உரிமை அந்த லைசென்ஸால் வந்துவிடாது. வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவழைத்தால், அனுமதி இல்லாமல் ஆயுதம் இறக்குமதி செய்த குற்றமும் சேரும். 'கிளீனிங் கிட்', 'ஃபில்டர்' என்று வேறு பெயர்களில் விற்றாலும் பயன் ஒன்றுதான் என்றால், சட்டத்துக்கும் அது ஒன்றுதான்.

லேத் பட்டறைக்காரர்களே, உஷார்!

இதைவிடப் பெரிய ஆபத்து, செய்து கொடுப்பவருக்கு. செஞ்சி, திண்டிவனம், திருவண்ணாமலை என்று எந்த ஊரை எடுத்தாலும் மோட்டார் ரிப்பேர், டிராக்டர் உதிரிபாக வேலைகளுக்கு லேத் பட்டறைகள் உண்டு. யாராவது ஒரு படத்தைக் காட்டி, 'அண்ணே, இந்த அளவுக்கு ஒரு பைப்பில் மரை போட்டுக் கொடுங்க' என்று கேட்டால், வேலைக்கு வந்த பையனுக்கு அது இன்னொரு ஜாப். அவ்வளவுதான்.

ஆனால், லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பதற்கு ஆயுதச் சட்டத்தின் பிரிவு 25(1) சொல்லும் தண்டனை குறைந்தபட்சம் 7 ஆண்டுகள். அதிகபட்சம் ஆயுள் தண்டனை. வைத்திருப்பவரைவிடச் செய்து தருபவருக்குத் தண்டனை அதிகம். எதற்கு என்று சொல்லாமல் வரும் இதுபோன்ற வேலையை, 'எதுக்குப்பா இது?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. பதில் சரியில்லை என்றால் மறுத்துவிடலாம்.

'புஸ்க்' சத்தம் நிஜமா?

சரி, சட்டத்தை விடுவோம். சினிமாவில் காட்டுவதுபோல அது உண்மையிலேயே வேலை செய்கிறதா?

துப்பாக்கிக்கான சைலன்சரை வெற்றிகரமாகச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஹிராம் பெர்சி மாக்சிம் என்ற அமெரிக்கர். 1909-ல் காப்புரிமை பெற்றார். இவருடைய தந்தைதான் 'மாக்சிம்' இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த ஹிராம் மாக்சிம். அப்பா ஓயாமல் சுடும் துப்பாக்கியைச் செய்தார். மகன் அதன் சத்தத்தைக் குறைக்கும் வழியைத் தேடினார்!

தத்துவம், பைக் சைலன்சரில் இருப்பதுதான். தோட்டாவுக்குப் பின்னால் சீறி வரும் சூடான வாயு ஒரேயடியாக வெளியேறினால் 'டமார்' என்று வெடிக்கும். உள்ளே தடுப்புகள் வைத்து, அந்த வாயுவைச் சுற்றவிட்டு, ஆற்றி, மெதுவாக வெளியேற்றினால் சத்தம் குறையும். குறையும், அவ்வளவுதான். காணாமல் போகாது.

ஒரு ரைபிள் சுடும்போது ஏறத்தாழ 160 டெசிபல் சத்தம் எழுகிறது. நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கும். மீதி 130 டெசிபல் அளவில் இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், நம் நாட்டில் பட்டாசுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 145 டெசிபல். ஆக, சைலன்சர் போட்ட ரைபிளும் பட்டாசுக்குப் பக்கத்துச் சொந்தம்தான்.

இன்னொன்றும் உண்டு. ரைபிள் தோட்டா ஒலியைவிட வேகமாகப் பறக்கும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதை மிஞ்சிச் செல்லும் தோட்டா, சாட்டையைச் சொடுக்கியதுபோல ஒரு சத்தத்தை வழியெல்லாம் எழுப்பிக்கொண்டே போகும். துப்பாக்கி முனையில் மாட்டிய எந்த உருளையாலும் அதை அடக்க முடியாது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் 'சைலன்சர்' என்பதைவிட, 'ஓசை குறைப்பான்' என்ற பொருளில் 'சப்ரஸர்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

அமெரிக்காவில் மட்டும் எப்படி?

அங்கும் கடைக்குப் போய் மிட்டாய் வாங்குவதுபோல வாங்கிவிட முடியாது. 1934-ல் வந்த தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின்படி ஒவ்வொரு சப்ரஸரையும் மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டும். 200 டாலர் வரியும் இருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்ஜியமாகிவிட்டது. பதிவு மட்டும் தொடர்கிறது. நார்வே, பின்லாந்து போன்ற நாடுகளில் வேட்டைக்காரர்களின் காதையும், அக்கம்பக்கத்தார் தூக்கத்தையும் காக்கும் கருவியாக இதைப் பார்க்கிறார்கள். அந்த நாட்டு வீடியோ அந்த நாட்டுச் சட்டத்துக்கு. அதை நம் ஊர் வழிகாட்டியாக எடுத்துக்கொள்வதில்தான் சிக்கல்.

காட்டுக்கொட்டாயில் தனியாக இருக்கிறோம்... பாதுகாப்புக்கு?

இது நியாயமான கேள்வி. செஞ்சியைச் சுற்றி வயலுக்கு நடுவே, கிணற்று மேட்டில், ஊரைவிட்டுத் தள்ளி வசிக்கும் குடும்பங்கள் நிறைய. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளும் உண்டு.

தற்காப்பு உரிமையைச் சட்டம் மறுக்கவில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 34 முதல் 44 வரை அதைப் பேசுகிறது. கொள்ளை, இரவில் வீடு புகுதல் போன்ற நேரங்களில் அந்த உரிமை விரிவானது. ஆனால், பாதுகாப்புக்குத் தேவையான அளவைத் தாண்டித் தாக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஓடிப்போகிறவனின் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று சொல்வது கடினம்.

துப்பாக்கி லைசென்ஸுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். பெருநகரங்களில் போலீஸ் கமிஷனர். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். போலீஸ் விசாரணை, பாதுகாப்புப் பயிற்சி, பத்திரமாகப் பூட்டி வைக்கும் ஏற்பாடு எல்லாம் பார்ப்பார்கள். ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம். லைசென்ஸ் 5 ஆண்டுகளுக்குச் செல்லும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். விண்ணப்பித்தாலே கிடைத்துவிடும் என்பதும் இல்லை.

செஞ்சிக்காரர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் எடுக்கக் கோட்டையே இருக்கிறது. 1690-களில் முகலாயத் தளபதி சுல்பிகர் கானின் படை, ராஜாராம் இருந்த இந்தக் கோட்டையைப் பிடிக்கச் சுமார் 8 ஆண்டுகள் போராடியது. கோட்டையைக் காத்ததில் பீரங்கிக்குப் பங்கு உண்டு. ஆனால், செங்குத்தான மலை, அடுக்கடுக்கான மதில், அகழி, வற்றாத தண்ணீர், நிறைந்த நெற்களஞ்சியம் ஆகியவற்றுக்கு அதைவிடப் பெரிய பங்கு. உள்ளே வரவிடாமல் தடுப்பதுதான் முதல் பாதுகாப்பு.

வீட்டுக்கும் அதே கணக்கு. நல்ல பூட்டு, உள்தாழ்ப்பாள், ஆள் வந்தால் தானாக எரியும் லைட், குரைக்கும் நாய், ஒரு சிசிடிவி கேமரா. ஊருக்குப் போகும்போது ஸ்டேஷனில் தகவல் சொல்லி, ரோந்தில் பார்த்துக்கொள்ளச் சொல்லலாம். அவசரத்துக்கு 100 அல்லது 112. தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியை அப்பா, அம்மா போனில் ஏற்றிக் கொடுத்துவிடுங்கள். யோசித்துப் பாருங்கள், நள்ளிரவில் ஆபத்து என்றால் பக்கத்துக் கொட்டாய்க்குச் சத்தம் கேட்பதுதானே நமக்கு நல்லது? சத்தத்தை அடக்கும் கருவியால் என்ன லாபம்?

காட்டுப்பன்றிக்கு?

மணிலா, நெல், கரும்பு போட்டவர்களின் தீராத தலைவலி இது. அதற்காக நாட்டுத் துப்பாக்கியை எடுப்பது ஆயுதச் சட்டம், வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் என்று இரண்டு பக்கமும் மாட்டிவிடும். மின்வேலி போட்டால் மனித உயிரே போகலாம்.

2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கு ஒரு நடைமுறையை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால், பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். கவனிக்க, விவசாயி அல்ல, வனத்துறையினர். பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கலாம்.

சுட்டுப் பழக ஆசையா?

அதற்கு அருமையான, நேரான வழி இருக்கிறது. கடலூரில் 1999-ல் பிறந்த இளவேனில் வாலறிவன், 2019-ல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்றவர். டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றவர். நடிகர் அஜித்குமார் மாநிலத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில் பதக்கம் வென்றதும் பலருக்கு நினைவிருக்கும்.

சென்னை, கோவை, மதுரை, திருச்சி போன்ற நகரங்களில் ரைபிள் கிளப்புகள் உள்ளன. தொடக்கம் பெரும்பாலும் ஏர் ரைபிளில்தான். 4.5 மி.மீ. குண்டு, 10 மீட்டர் தூரம். இலக்கின் நடுவில் இருக்கும் 10 மதிப்பெண் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர்! வெடிமருந்து இல்லாததால் காதைக் கிழிக்கும் சத்தமும் இல்லை. 0.177 அளவு, 20 ஜூலுக்கு மேற்படாத ஏர் கன்னுக்கு லைசென்ஸும் தேவையில்லை. ஆனால், அதை வைத்துக் கொக்கு, காட்டுப்புறா சுட்டால் அது வேட்டைக் குற்றம்.

பெரிய துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிறவர்கள் காதைக் கட்டாயம் பாதுகாக்க வேண்டும். 140 டெசிபலைத் தாண்டும் ஒரே ஒரு வெடிச் சத்தம்கூடக் காதை நிரந்தரமாகப் பாதிக்கலாம். போன கேட்கும் திறன் திரும்ப வராது. காதுக்குள் வைக்கும் பஞ்சு அடைப்பானும், அதன் மேல் மாட்டும் இயர் மஃப்பும் சேர்ந்தால், சப்ரஸர் தரும் அளவுக்குச் சுடுபவரின் காதுக்குப் பாதுகாப்பு கிடைக்கும். இதற்குச் சில நூறு ரூபாய் போதும், லைசென்ஸும் வேண்டாம்.

உங்கள் வீட்டுப் பிள்ளையின் போனில் அந்த 'சைலன்சர்' வீடியோ வந்து நின்றால், திட்ட வேண்டாம். இந்த விஷயத்தைச் சொல்லுங்கள். ஆர்வம் இருந்தால் கிளப்புக்கு அழைத்துப் போங்கள்!