பள்ளி முடித்துக் கடைக்கு வரும் பிள்ளைகள்: முதல் மூன்று மாதப் பயிற்சி

பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் பெற்றோர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நம் கடை வாசலுக்கு வருவது வழக்கம். கல்லூரி திறக்கும் வரை இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. குடும்பச் சூழ்நிலையால் இனி வேலைதான் என்று வருபவர்களும் உண்டு. ஆனால், "சேர்கிற பிள்ளைகள் மூன்று மாதம் தங்குவதில்லை" என்று நம் வணிக நண்பர்கள் குறைப்படுகிறார்கள். நின்றுவிட்ட பிள்ளைகளைக் கேட்டால், "கூட்டுவதும் டீ வாங்கி வருவதும்தான் வேலை, தொழிலைக் காட்டவே இல்லை" என்கிறார்கள். இதில் நியாயம் இருக்கிறது. தொழில் கற்றுத் தரும் கடையில்தான் பிள்ளைகள் தங்குவார்கள்.

சேர்க்கும் முன்

முதலில் வயதைப் பார்க்க வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 14 வயது நிறையாதவரைக் கடையில் வேலைக்கு வைக்கக் கூடாது. 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்களில் ஈடுபடுத்தக் கூடாது. சான்றிதழ்களின் நகலை வைத்துக்கொண்டு அசலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அசலைப் பிடித்து வைத்தால் ஆள் போகமாட்டான் என்று நினைப்பது தவறு. சம்பளம், வேலை நேரம், வார விடுமுறை மூன்றையும் பெற்றோர் முன்னிலையிலேயே பேசி எழுதிவிடுவது நல்லது.

பிள்ளைகளும் வெறுங்கையோடு வரக்கூடாது. தம் பெயரில் வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். எண்களைத் தெளிவாக எழுத வேண்டும். கிலோ 148 ரூபாய் என்றால் 3 கிலோ 250 கிராமுக்கு 481 ரூபாய் என்று கால்குலேட்டர் இல்லாமல் சொல்லப் பழகி வந்தால், முதல் நாளே முதலாளிக்கு நம்பிக்கை வந்துவிடும்.

முதல் மாதம்: சரக்கு

சரக்கைத் தொட்டுப் பார்த்துத் தரம் அறிய வேண்டும். குண்டு மிளகாய், சம்பா மிளகாய் வித்தியாசம், மிளகாயில் ஈரம், பருப்பில் வண்டு, இவை கண்ணும் கையும் பழகினால்தான் தெரியும். முன்னால் வந்த சரக்கு முன்னால் போக வேண்டும் என்பதை முதல் வாரமே சொல்லிவிட வேண்டும். லாரியில் சரக்கு இறங்கும்போது பில், லாரி ரசீது, எண்ணிய மூட்டை மூன்றும் ஒத்திருக்கிறதா என்று பார்க்கட்டும். குறைவு இருந்தால் ரசீதில் எழுதிய பிறகுதான் கையெழுத்து.

இரண்டாம் மாதம்: கணக்கு

80 ரூபாய்க்கு வாங்கி 100 ரூபாய்க்கு விற்றால் முதலுக்கு 25 சதவிகிதம் லாபம். விற்பனைக்கு 20 சதவிகிதம்தான். இது தெரியாத பிள்ளை, "25 லாபம் இருக்கிறதே" என்று 20 சதவிகிதம் தள்ளுபடி கொடுத்தால், கைக்கு வருவது அந்த 80 ரூபாய் மட்டுமே. கடை வாடகையும் கூலியும் நம் தலையில்.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு பில் போடுவதும் பொறுப்பான வேலையாகிவிட்டது. பதிவு எண்ணில் மொத்தம் 15 இடங்கள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். இதில் ஓர் எழுத்து மாறினாலும் வாங்கிய வியாபாரிக்கு வரி வரவு கிடைக்காமல் தகராறு வரும். காரணத்தோடு சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

மூன்றாம் மாதம்: வாடிக்கையாளர்

பேச்சில் மரியாதை, எடையில் நேர்மை, கல்லாவில் கவனம் இம்மூன்றும் இப்போது பழக வேண்டும். வாடிக்கையாளர் தம் கைபேசியில் காட்டும் பச்சை அடையாளத்தை நம்பாமல், நம் கணக்கில் பணம் வந்ததா என்று பார்த்த பிறகே சரக்கைக் கொடுக்க வேண்டும். பாக்கி கேட்கப் போகும்போது பெரியவர் ஒருவருடன் அனுப்புங்கள். கடன் கொடுத்தவர் கோபப்படாமல் கேட்பது எப்படி என்பதைப் பார்த்துத்தான் கற்க முடியும்.

நாள் முழுதும் நிற்க வைப்பதும் வேண்டாம். கடைகளில் பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டிருக்கிறது.

"கற்றுக் கொடுத்தால் எதிரிலேயே கடை போட்டுவிடுவானே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். போடட்டுமே! நம் தொழிலில் பலரும் இன்னொருவர் கடையில் சிட்டை எழுதிப் பழகி முதலாளி ஆனவர்கள்தாம். எங்களிடம் பழகிப் போனவர்களில் சிலர் இன்று எங்களிடமே மொத்தமாகச் சரக்கு எடுக்கிறார்கள். அவர்களுக்கு எடையும் தெரியும், நம் நாணயமும் தெரியும். பாக்கி நிற்பதில்லை.

நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கடையை நம்பி வரும் அடுத்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தொழிலை முறையாகச் சொல்லித் தந்தால்தான் நாளை நம் கடைவீதியில் விளக்கு எரியும். இந்த ஆண்டு பிள்ளைகளைச் சேர்க்கும் நண்பர்கள், மூன்று மாதத்துக்கு என்னென்ன கற்றுத் தருவோம் என்று ஒரு தாளில் எழுதிப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.