முதியோர் உள்ள வீட்டுக்கு அபாய மணி

விசைத்தறி ஓடும் வீட்டில் மனிதக் குரல் பத்தடி தூரம் செல்வதில்லை. இராஜபாளையத்திலும் அதனை அடுத்த சத்திரப்பட்டியிலும் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணியை நெய்யும் குடும்பங்கள் பல உண்டு. அவற்றுள் சில வீடுகளில் தறிகள் முன்கட்டிலும் குளியலறை பின்கட்டிலும் இருக்கின்றன. பின்கட்டில் வழுக்கி விழுந்த ஆச்சி எவ்வளவு உரக்கக் கூவினாலும், தறி நிற்கும் வரையில் அது ஒருவர் காதிலும் விழாது. ஸ்ரீவில்லிபுத்தூர்க் கைத்தறி வீடுகளில் இத்தனை இரைச்சல் இல்லை. ஆனால் பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களின் வீடுகளில், எல்லோரும் மலையடிவாரத் தோப்புக்குச் சென்றுவிட்ட பின்னர் முதியவர் பகல் முழுதும் தனித்திருக்கிறார்.

விழுந்ததைவிட, விழுந்தபின் எழ இயலாமல் தரையிலேயே கிடப்பதுதான் பல சமயங்களில் பெருங்கேடு விளைவிக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாது கிடந்தால், அழுத்தம் பட்ட தசை சிதைந்து அதன் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும், உடலின் நீர் வற்றும், தோல் புண்ணாகும். பக்கவாதமாயின், இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் நோய் தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்த வேண்டும். எப்போது தோன்றியது என்று சொல்லுவதற்கு ஆள் இல்லாவிடில் மருத்துவரும் தயங்குவார்.

இக்குறையை நீக்கவே, 1970களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும், கழுத்தில் அணிந்த பொத்தானை அமுக்கியதும் தொலைபேசி வழியே உதவி மையத்தை அழைக்கும் கருவிகள் தோன்றின. இன்று நம் நாட்டிலும் அத்தகையவை விற்கப்படுகின்றன. விலையும் மாதச் சந்தாவும் பலவாறாக உள்ளன. விளம்பரத்தைக் கண்டு வாங்குவதற்கு முன் அங்கத்தினர்கள் சிலவற்றைக் கேட்டறிதல் நலம்.

முதற் கேள்வி, பொத்தானை அமுக்கினால் யாருக்கு மணி அடிக்கும் என்பது. சில கருவிகள் மகன், மகள் ஆகியோரின் கைப்பேசிகளை மட்டுமே அழைக்கின்றன. சில, தொலைவிலுள்ள ஓர் அலுவலகத்தை அழைக்கின்றன; அங்குள்ளவர் தமிழ் பேசுவாரா, இரவு இரண்டு மணிக்கும் இருப்பாரா, ஸ்ரீவில்லிபுத்தூரில் நம் தெரு எது என்று அவருக்குத் தெரியுமா என்பதையெல்லாம் வாங்குமுன் கேளுங்கள். மகன் திருப்பூரில் வேலை செய்கிறான் என்றால், அவன் எண்ணை முதலில் வைப்பதில் பயனில்லை. பொதுச்சுவருக்கு அப்பாலுள்ள அண்டை வீட்டார் எண்ணே முதலில் இருக்க வேண்டும்.

அடுத்தது சமிக்ஞை. இக்கருவிகளிற் பல சிம் அட்டையால் இயங்குவன. பழைய 2ஜி முறையில் மட்டும் இயங்கும் கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது. செண்பகத்தோப்புப் பக்கமும் அய்யனார் கோயில் பக்கமும் மலையை ஒட்டிக் குடியிருப்போர், கருவியை வீட்டின் ஒவ்வோர் அறையிலும், குறிப்பாகக் குளியலறையில், அமுக்கிப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். நீர் பட்டால் கெடும் கருவியைக் குளிக்கும்போது கழற்றி வைத்துவிடுவர், விழுவதோ அங்கேதான்.

விழுந்ததைத் தானே அறிந்து அழைக்கும் கைக்கடிகாரங்களும் வந்துள்ளன. அவை நல்லனவே, எனினும் முற்றிலும் நம்பத்தக்கன அல்ல. சுவரைப் பற்றியபடி மெல்லச் சரிந்து அமர்பவரை அவை கவனியாமற் போகலாம். கையை ஓங்கிச் செய்யும் வேலையை விழுதல் என்று கருதவும் கூடும். தறியில் இன்னமும் வேலை செய்யும் முதியோர் கழுத்துக் கயிற்றில் தொங்கும் பொத்தானை அணியவே கூடாது. கயிறு ஓடும் தறியில் சிக்கும். அவர்களுக்கு மணிக்கட்டில் கட்டுவதே தகும்.

இவ்வளவு செலவு செய்ய இயலாதோர் கம்பியில்லா அழைப்பு மணி ஒன்றை வாங்கலாம். சிறு பொத்தானைக் குளியலறையில், தரையில் கிடப்பவர் கைக்கும் எட்டுமாறு ஓர் அடி உயரத்தில் ஒட்டிவிட்டு, மணியைத் தறிக்கூடத்தில் செருகுதல் வேண்டும். மணியோசை மட்டும் போதாது. விளக்கும் மின்னும் வகையாகத் தேர்ந்து, தறியாளரின் கண்ணுக்கு நேரே அமைக்க வேண்டும். மின்வெட்டில் மணி அடிக்காதே என்பர் சிலர். அப்போது விசைத்தறியும் ஓடாதாகையால் ஆச்சியின் குரலே கேட்கும்.

சந்தா எதுவும் இன்றியே கிடைக்கும் உதவியும் உண்டு. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் சேவை கட்டணமற்றது. 2017 முதல் இந்தியாவில் விற்கப்படும் கைப்பேசிகளில் அவசர அழைப்புப் பொத்தான் இருத்தல் வேண்டும் என்பது விதி. சாதாரணக் கைப்பேசியில் 5 அல்லது 9 என்ற எண்ணை அமுக்கிப் பிடித்தலும், ஸ்மார்ட் கைப்பேசியில் மின்விசையை விரைந்து மூன்று முறை அமுக்குதலும் விதி கூறும் முறை. கைப்பேசிக்குக் கைப்பேசி இது சற்று வேறுபடுவதால், அமைப்புப் பகுதியில் பார்த்துக்கொள்க. முதியோருக்கான 14567 என்ற எண் யோசனை கேட்பதற்கு உரியது. காலை 8 முதல் இரவு 8 வரை மட்டுமே இயங்குவது. உயிராபத்தில் அதை நம்பியிருத்தல் ஆகாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளை வீட்டுக்குக் கொணரும் பெண் தன்னார்வலர் வரும்போது, எந்த மாத்திரை தலைசுற்றலைத் தரக்கூடும் என்று கேட்டு வைப்பதும் விழுதலைத் தவிர்க்கும் வழியே.

கதவைப் பற்றி எந்த விளம்பரமும் பேசுவதில்லை. பொத்தான் ஒழுங்காக வேலை செய்து, அண்டை வீட்டாரும் ஓடி வந்த பின்னர், கதவு உள்ளே தாழிட்டிருந்தால் அதை உடைக்க ஆள் தேட வேண்டியிருக்கும். குளியலறைக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ் போடுவதற்குத் தச்சருக்கு அரைநாள் வேலைகூட இல்லை. வாசற்கதவின் மாற்றுச் சாவி ஒன்றை அண்டை வீட்டில் கொடுத்து வைத்து, கதவெண், தெரு, அருகிலுள்ள கோயில் அல்லது தெப்பத்தின் பெயர், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கலாம். 108க்குப் பேசுபவர் பதற்றத்தில் மறப்பவை அவைதாம்.