அமுக்கினால் வலிக்கிற நெஞ்சு

றொசல்ல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒருவர் நெஞ்சு குத்துகிறது என்றால் லயத்தில் உடனே விழும் தீர்ப்பு ‘வாய்வு’. இஞ்சித் தண்ணீர் குடித்து, சித்தாலேப தடவிக்கொண்டு, மறுநாள் விடிந்ததும் மலைக்குப் போய்விடுவார்கள். இப்படி வரும் வலிகளில் பல வாய்வும் அல்ல, மாரடைப்பும் அல்ல. விலா எலும்பு நெஞ்செலும்போடு சேரும் இடத்தில் இருக்கிற குருத்தெலும்பின் அழற்சி. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர், இருதயத்தைப் பார்த்து முடித்த வைத்தியர்தான்.

நமக்கு 12 சோடி விலா எலும்புகள். மேலே உள்ள 7 சோடியும் குருத்தெலும்பு வழியாக நேரே நெஞ்செலும்பில் பொருந்துகின்றன. மூச்சு இழுக்கும்போதெல்லாம் அந்தப் பொருத்து அசைகிறது. அதனால் அங்கே அழற்சி வந்தால் தூங்கும்போதுகூட அதற்கு ஓய்வில்லை. பெரும்பாலும் 2ஆவது முதல் 5ஆவது விலா வரைதான் வலிக்கும். இருமினால், புரண்டு படுத்தால் கூடும். விரலால் அமுக்கினால் ‘இங்கதான்’ என்று சொல்லலாம். அந்த இடம் வீங்கியும் இருந்தால் அது வேறு வகை. 1921இல் அதை விவரித்த ஜெர்மன் வைத்தியர் அலெக்சாண்டர் டீட்சேயின் பெயரால் அழைக்கிறார்கள். பல நேரம் காரணம் பிடிபடாது. விடாத இருமலும் பாரம் சுமப்பதும் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும் இதைத் தூண்டும். கொழுந்து மலையில் இந்த மூன்றும் இருக்கின்றன. தலையில் மாட்டிய கயிற்றில் கூடை முதுகை இழுக்க, இரண்டு கைகளும் நெஞ்சுக்கு முன்னால் மணிக்கணக்கில் ஓடுகின்றன. நிறுவைக்கு அதே பாரத்தோடு ஏற வேண்டும். மழை மாதங்களில் இருமலும் சேர்ந்துகொள்கிறது.

அமுக்கினால் வலிக்கிறதே, அப்படியானால் இருதயம் இல்லைதானே என்று கேட்பவர்கள் உண்டு. அதை நம்பித்தான் ஆபத்தில் விழுகிறோம். நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை ஆராய்ந்து 1994இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 100க்கு 30 பேருக்கு இந்தக் குருத்தெலும்பு வலி இருந்தது. அந்த வலி இருந்தவர்களிலும் 100க்கு 6 பேருக்கு மாரடைப்பும் இருந்தது. பெண்களுக்கும் சீனி வருத்தக்காரர்களுக்கும் மாரடைப்பு வழக்கமான அடையாளம் காட்டாமலும் வரும். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போய்விடும் என்பது இன்னொரு மறுப்பு. நாட்சம்பளத்தில் அடுப்பெரியும் வீட்டில் அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் இருதயம் சரி என்று தெரிந்த பிறகு, சூட்டு ஒத்தடமும் வைத்தியர் தரும் வலி மாத்திரையும் சில வாரம் பாரம் குறைத்த வேலையும் பெரும்பாலோருக்குப் போதும். அந்தச் சில வாரத்தைக் கொடுக்க வேண்டியது தோட்ட நிர்வாகம். அதைச் சலுகையாக நான் பார்க்கவில்லை.

வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்து மூச்சு முட்டினால், தைலத்தைத் தேடாதீர்கள். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு கேட்க மாட்டார்கள். டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை ஹட்டனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.